வண்டிக்கு அடியில் என்ன சத்தம்?

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன். இன்ஜினைப் பற்றி இரண்டே இரண்டுதான். மற்ற அத்தனையும் அடிப்பாகம்: டொக் என்கிறது, லொட லொட என்கிறது, இழுக்கிறது, ஆடுகிறது. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த வண்டிகள் ஊரில் பெருகிவிட்டன, வேறொன்றுமில்லை. அந்தக் காலத்து இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பருக்கு அந்த ஆயுசு கிடையாது. வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

முதலிலேயே ஒரு வேண்டுகோள். எழுதுகிற எல்லோரும் சத்தம் எங்கே வருகிறது என்றுதான் எழுதுகிறீர்கள். வலது மூலை, இடது மூலை, டேஷ்போர்டுக்குக் கீழே, இப்படி. தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு இடம் சொல்வது கஷ்டம். இரும்பு சத்தத்தை எங்கே வேண்டுமானாலும் கடத்தும். எப்போது வருகிறது என்று எழுதுங்கள். பிரேக் பிடிக்கும்போதா, திரும்பும்போதா, வேகத்தடையில் ஏறும்போதா, இறங்கும்போதா? பாதி வேலையை அதுவே முடித்துவிடும்.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்:
"2004 மாருதி 800. மோசமான ரோட்டில் முன்பக்கம் டொக் டொக் என்கிறது. அதைவிட, பிரேக் பிடித்ததும் ஒரு டொக், மறுபடி கிளம்பும்போது இன்னொரு டொக். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டேன். சத்தம் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் இப்போது ஸ்டீயரிங் ரேக்கை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"

மாற்றாதீர்கள். ரேக்குக்கு வைத்த பணம் பையிலேயே இருக்கட்டும்.

நோயை நீங்களே எழுதிவிட்டீர்கள் ஐயா. பிரேக் பிடித்ததும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. ஷாக் அப்சார்பரின் வேலை மேலும் கீழும்தான். பிரேக் பிடித்தால் சக்கரம் மேலே கீழே போவதைவிடப் பின்பக்கமாகப் போகத்தான் பார்க்கும். கிளம்பும்போது முன்பக்கமாக இழுக்கும். ஆக, சக்கரத்தை முன்னும் பின்னும் போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டிய ஏதோ ஒன்று உங்கள் வண்டியில் கையை விட்டுவிட்டது.

800-இல் அது எது? கீழே சக்கரத்தை பாடியோடு இணைக்கும் ஆர்ம் ஒற்றைக் கம்பு மாதிரி. சக்கரத்தை இடம் வலமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். முன்னும் பின்னும் பிடிப்பது முன்னால் குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் பார். நிறைய வண்டிகளில் ஸ்டெபிலைசர் என்றால் வளைவில் வண்டி சாயாமல் தடுக்கிற கம்பி, கழன்று விழுந்தாலும் வீடு வந்து சேரலாம். 800-இல் அந்த ஒரே கம்பி இரண்டு வேலை பார்க்கிறது. அதன் நுனி ஆர்முக்குள் நுழைந்து வெளியே வரும். அங்கே ரப்பர் புஷ் (இரும்பும் இரும்பும் இடிக்காமல் நடுவே நிற்கும் ரப்பர்), பெரிய வாஷர், அதன் மேல் காசில் நட் (தலையில் பள்ளம் வெட்டிய மரை), அது கழலாமலிருக்கக் குறுக்கே ஸ்ப்ளிட் பின். இந்த ரப்பர் தேய்ந்தால் கம்பி நுனி ஆர்முக்குள் முன்னும் பின்னும் போய் இடிக்கும். அதுதான் உங்கள் டொக்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். முதல் கியரில் ஒரு அடி நகர்ந்து பிரேக், ரிவர்ஸில் ஒரு அடி நகர்ந்து பிரேக். நீங்கள் பக்கவாட்டில் நாலடி தள்ளிக் குத்தவைத்து, சக்கரத்துக்கும் ஃபெண்டர் வளைவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். நல்ல வண்டியில் அசைவே தெரியாது. என்னிடம் வந்த ஒரு 800-இல் சக்கரம் ஒரு விரல்கடை பின்னால் போய் வந்தது. ஓனர் அதிலேயே குடும்பத்தோடு மூணாறு போய்வந்திருந்தார்.

அப்புறம் இன்ஜினை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷரைச் சுற்றிக் கறுப்புப் பொடி உதிர்ந்து கிடக்கும். ரப்பர் வாஷருக்கு வெளியே பிதுங்கி, ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும். கழற்றியதும் அவசரப்பட்டுப் புது புஷ்ஷைத் திணிக்காதீர்கள். கம்பி நுனியைத் துணியால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று வர வேண்டும். நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் இரும்பே தேய்ந்துவிட்டது. அதில் புது புஷ் இரண்டு மாதம்கூடத் தாங்காது, கம்பியையே மாற்ற வேண்டும். கம்பியை பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்ப் ரப்பர் இரண்டையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. ஸ்ப்ளிட் பின் கட்டாயம் புதிது. பழையதை நிமிர்த்தி மறுபடி மாட்டுகிற சிக்கனம் வேண்டாம்.

இன்னொன்று, இது எல்லா வண்டிக்கும் பொருந்தும். ஆர்மின் உள்பக்க புஷ் மாற்றினால், கடைசி முறுக்கு சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் முழுக்க இறங்கிய பிறகுதான். இந்த புஷ் உருளுகிற சாமான் இல்லை. நடுவில் இரும்புக் குழல், சுற்றிலும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, மறுபடி தளரும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய நிமிஷத்திலிருந்து ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். ஆறு மாதத்தில் கிழியும். பார்ட்ஸ் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவோம். நான் தொழில் பழகிய பட்டறையில் மேஸ்திரி இதற்காக என் காதைத் திருகியிருக்கிறார். அதனால்தான் மறக்கவில்லை.

ஷாக் அப்சார்பரை மாற்றிய மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு எஸ்டீம், பின்பக்கம் டொக் டொக். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு தெரிந்தது, இரண்டையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. மவுன்ட் மாற்றினேன். போகவில்லை. மூன்றாம் நாள் என் பையன் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், ஸ்டெப்னியைப் பிடிக்கிற மரை அரைச் சுற்று தளர்ந்திருக்கிறது. வேகத்தடைக்கு வேகத்தடை அந்த டயர் எழும்பி உட்கார்ந்ததுதான் சத்தம். அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி கிளாம்ப் மூன்றையும் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில் படுப்பேன்.

ஈரோட்டிலிருந்து:
"2006 சான்ட்ரோ இடது பக்கமே இழுக்கிறது. மூன்று முறை வீல் அலைன்மென்ட் செய்தாயிற்று. கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாக இருக்கிறது. ஆனாலும் இழுக்கிறது."

ரிப்போர்ட் பச்சையாகத்தான் இருக்கும். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டே, வண்டி நிற்கும்போது அளவெடுத்தால் பச்சை வரும். ஓடும்போது ஆர்ம் நகர்ந்துவிட்டால் அந்த அளவுக்கு என்ன மரியாதை?

ஆனால் உங்களுக்கு அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. நம் ஊர் ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடப்பட்டது, மழைத்தண்ணீர் வடிய வேண்டுமே. நாம் இடது பக்கம் போகிறோம், அதனால் எந்த வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் சாயத்தான் செய்யும். ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான ரோட்டில், நடுப்பகுதியில் ஓட்டிப் பாருங்கள். அங்கே நேராகப் போனால் வண்டியில் குறை இல்லை.

அங்கேயும் இழுத்தால், காலையில் டயர் சூடாவதற்கு முன் நாலு சக்கரத்துக்கும் காற்றைச் சரிபாருங்கள். பிறகு முன் சக்கரம் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். (அம்புக்குறி போட்ட டயர் என்றால் இது ஆகாது.) இழுப்பு வலது பக்கம் மாறினாலோ, மறைந்துவிட்டாலோ, குற்றம் டயரில். உள்ளே கம்பி அடுக்கு நகர்ந்த டயர் வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், வண்டியை மட்டும் இழுத்துக்கொண்டே போகும். செலவே இல்லாத சோதனை இது, ஆனால் அலைன்மென்ட் கடைகளில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

மாறவில்லை என்றால் பிரேக். பத்துக் கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டி நிறுத்திவிட்டு, இரண்டு முன் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் தோசைக்கல் மாதிரி காந்தினால் அந்தப் பக்கக் காலிப்பர், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலிப்பர் நகர்கிற இரும்புப் பின் (pin) காய்ந்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போட்டாலே சரியாகிவிடுவது உண்டு. சாதாரண கிரீஸ் போடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

இதெல்லாம் தாண்டியும் இழுத்தால் லோயர் ஆர்ம் புஷ், ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதா, எங்கேயாவது பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) வளைந்ததா என்று போக வேண்டும். அலைன்மென்ட் கடைசி வேலை. அதை முதலில் செய்தால் கூலி தண்டம்.

திருப்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:
"அண்ணா, என் மாமாவின் பழைய எஸ்டீமை வாங்கியிருக்கிறேன். முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் வண்டி தாழ்வாக, ரேஸ் கார் மாதிரி நிற்கும் என்கிறார்கள். வெட்டலாமா?"

வெட்டாதே தம்பி. ஸ்பிரிங்கின் உயரம் குறையும், கூடவே விறைப்பு கூடும். ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்குச் செய்தது, புது விறைப்பை அடக்க அதற்குத் தெரியாது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது, வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகவும் வாய்ப்பு உண்டு. வீட்டில் கம்பியும் ரெஞ்சும் வைத்து ஸ்ட்ரட்டைப் பிரிக்கப் பார்ப்பது அதைவிட மோசம். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் தாடை போய்விடும். இதற்கு நேர் எதிராக, வண்டி தரை தட்டுகிறது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுகிறவர்களும் உண்டு. அதற்கும் என் பதில் அதுதான். உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்று, போதும்.

நாகர்கோவிலிலிருந்து:
"ஆம்னி வேன், 2008. திருநெல்வேலி போகும்போது முப்பந்தல் பக்கம் காற்றில் வண்டி பாதி ரோடு நகர்கிறது. லாரியைத் தாண்டி வெளியே வந்ததும் யாரோ கையால் தள்ளுவது மாதிரி இருக்கிறது. சஸ்பென்ஷன் கோளாறா?"

காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதே காற்று அடிக்கிறது என்றுதானே! ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்றுக்கு ஆம்னி நகரத்தான் செய்யும். உயரமான பக்கச் சுவர், குறுகின அகலம், 12 அங்குலச் சக்கரம், எடையும் குறைவு. லாரியின் மறைவில் காற்றே இல்லாமல் ஸ்டீயரிங்கை ஒரு மாதிரி பிடித்திருப்பீர்கள். வெளியே வந்ததும் மொத்தக் காற்றும் ஒரே அடியாக விழும். அந்த இடத்தில் 50-க்கு இறங்குவது ஒன்றுதான் வழி.

ஆனால் காற்றில்லாத நாளிலும் நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் சில இடங்களைப் பாருங்கள். முதலில் டயரின் வயது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2214 என்றால் 2014-ஆம் வருஷத்து 22-ஆம் வாரம். வேன்களை நிறையப் பேர் வாரம் ஒரு நாள்தான் எடுக்கிறார்கள். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமலே டயர் கிழவனாகிவிடும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்து பின்பக்கம். ஆம்னிக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும், பட்டையின் நுனியைத் தொங்கவிடும் ஷேக்கிளின் புஷ்ஷும் தேய்ந்தால், பின் ஆக்சில் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் நகரும். வண்டி பின்னாலிருந்து ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி இருக்கும். கம்பியால் நெம்பிப் பார்த்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

தாராபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
"1990 அம்பாசிடர் டீசல். அப்பா வாங்கியது. விற்க மனசில்லை. பின்பக்கம் வலது மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. வேகமாகப் போனால் வண்டி ஒருக்களித்து ஓடுவதாகப் பின்னால் வருகிறவர்கள் சொல்கிறார்கள்."

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். அம்பாசிடர் என்றால் எனக்குத் தனிப் பிரியம். உத்தரபாராவில் 2014 மே மாதம் ஆலை நின்றபோது பட்டறையில் அன்று முழுக்க அதே பேச்சு. நாங்கள் தொழில் பழகியதே அதன் அடியில் படுத்துத்தான்.

மூலை தாழ்ந்திருப்பதாலேயே பின் ஸ்பிரிங்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அம்பாசிடருக்கு முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு பாரம் தாங்குகிற இரும்புத் தண்டு. முன் இடது பக்கம் தண்டு விறைப்பாகவும் வலது பக்கம் தளர்ந்தும் இருந்தால், பின் மூலையும் சாய்ந்துதான் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு வழி. முன்பக்கம் குறுக்கு மெம்பரின் சரியான நடுவில் ஜாக்கியைக் கொடுத்து, முன் சக்கரம் இரண்டும் தரையை விடுகிற அளவு தூக்குங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் தூக்க வேண்டும், யாரும் அடியில் போகக் கூடாது. இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, எந்தப் பக்கமும் தள்ளாது. பின்னால் போய் அளந்து பாருங்கள். வண்டி நேராகிவிட்டால் குறை முன்னால். இன்னும் வலது மூலை தாழ்ந்தே இருந்தால் பின் பட்டைதான்.

உங்கள் விஷயத்தில் பட்டை என்றே நினைக்கிறேன், ஒருக்களித்து ஓடுகிறது என்கிற அந்த ஒரு வார்த்தையால். பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் தலைதான், ஆக்சில் அந்த இடத்தைவிட்டு நகராமல் பூட்டி வைத்திருக்கிறது. பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் தளர்ந்து நாளாக ஓடினால் சென்டர் போல்ட் அறுந்துவிடும். ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நழுவும். முன் சக்கரம் ஒரு திசை, பின் சக்கரம் ஒரு திசை என்று வண்டி நண்டு மாதிரிப் போகும்.

ஒரு கயிறு எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து முடிச்சுப் போடுங்கள். முடிச்சு அரை அங்குலத்துக்கு மேல் தள்ளிப் போனால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. அப்படி இருந்தால், பட்டறைக்குப் போகும் ஒரு பயணத்தைத் தவிர வேறெங்கும் எடுக்காதீர்கள்.

பட்டையைக் கழற்றி அடித்து வளைவு ஏற்றித் தருகிற லாரிப் பட்டறைகள் தாராபுரம் ரோட்டிலேயே இருக்கும். கொஞ்ச காலம் நிமிர்ந்து நிற்கும், அப்புறம் மறுபடி உட்கார்ந்துவிடும். நல்ல பட்டை செட்டாகக் கிடைத்தால் அதையே போடுங்கள். எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள். வலது பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு பட்டை செருகுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். யூ போல்ட்டை இறுக்கி இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் சில கிலோமீட்டரில் பட்டை அமர்ந்து அது தளர்ந்திருக்கும். முன்பக்க நிப்பிள்களுக்கு மாதம் ஒரு தடவை கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை. அடைத்துக்கொண்ட நிப்பிளின் மேலே பூசிவிட்டு, கிரீஸ் போட்டாயிற்று என்று கணக்கெழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நேரில் நின்று பாருங்கள்.

கோவையிலிருந்து ஒரு அம்மா:
"2002 ஜென், பவர் ஸ்டீயரிங் கிடையாது. போன மாதம் வால்பாறை போனோம். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை. நானே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. பயமாக இருந்தது."

பயந்தது சரிதான் அம்மா. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டினால் ஒன்பதாவது வளைவில் நிறுத்தி வரையாடு பார்க்கக்கூட மனசு வராது.

திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேராவது, சக்கரம் அமைந்திருக்கும் சாய்வினால். அது வராவிட்டால் எங்கேயோ ஒரு மூட்டு இறுகியிருக்கிறது. ஜென்னில் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள மவுன்ட் பேரிங். ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து அந்தப் பேரிங் மேல்தான் சுழல வேண்டும். தண்ணீரும் மண்ணும் புகுந்து துருப்பிடித்தால் அது சுழலாது. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய், தாங்க முடியாமல் சட்டென்று நழுவும். வண்டி நிற்கும்போது ஒருவர் மெதுவாக ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பட்டும். நீங்கள் சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள், சுற்றுகளுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள். ஒரே சீராகச் சுழன்றால் நல்லது. 'ட்டங்' என்று உள்ளங்கையில் குதித்தால் பேரிங் போய்விட்டது.

அது நன்றாக இருந்தால், இன்ஜினுக்குப் பின்னால் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் சின்ன ஜாயின்ட், பிறகு ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் பால் ஜாயின்ட். சமீபத்தில் புது பால் ஜாயின்டோ, ஸ்டீயரிங் ரேக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட் எண்டோ மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள், மட்டமான சாமான் புதிதிலேயே இறுகி இருப்பது உண்டு.

சேலத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம்: "50-ஐத் தாண்டினால் ஏரோப்ளேன் மாதிரி ஒரு இரைச்சல். டயரா, பேரிங்கா?"

காலி ரோட்டில் 50-இல் போகும்போது மெதுவாக வலது பக்கம் ஒரு வளைவு எடுங்கள். பாரம் இடது சக்கரத்துக்குப் போகும். இரைச்சல் கூடினால் இடது பேரிங், குறைந்தால் வலது. எப்படி வளைத்தாலும் மாறாமல், தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரி கேட்டால் டயர். உள்ளங்கையால் பட்டன் மேல் தடவுங்கள். மேடு பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் சக்கரத்தைக் குதிக்க விட்டிருக்கிறது. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் அலைன்மென்ட்டில் டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கும் கோணம்) தப்பு.

கரூரிலிருந்து: "ஸ்டீயரிங் 80-இல் நடுங்குகிறது, 100-இல் நின்றுவிடுகிறது." பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட் நடுங்கினால் பின் சக்கரம். அவ்வளவுதான்.

திண்டுக்கல்லிலிருந்து:
"2005 இண்டிகா. பட்டறையில் எட்டு சாமான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் நாலு, மவுன்ட், பின்பக்க புஷ், அலைன்மென்ட். வண்டியின் விலையே அவ்வளவு இருக்காது. எதை விடலாம்?"

எட்டும் போயிருக்கலாம், இரண்டுதான் போயிருக்கலாம். பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது, ஆட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எழுதிக் கொடுத்தவரிடமே, "ஒவ்வொன்றையும் ஆட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். டை ராட் எண்டுக்குச் சக்கரம் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை நாலு விரல் அளவு இடம் வலம் ஆட்ட, நீங்கள் மூட்டைக் கையால் மூடிப் பிடித்தால் உள்ளே 'டிக்' என்று துடிப்பது தெரியும்.

காசை முதலில் இந்த இரண்டுக்கும் போடுங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். டை ராட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. இவற்றுக்கு மறுநாள் என்பதே இல்லை. அடுத்தது ஆர்ம் புஷ், அதோடு அலைன்மென்ட். ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்து மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஃபெண்டரை அழுத்தி விட்டால் ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும், கட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் அடங்கிவிட்டது என்பதாலேயே நல்லது என்றும் அர்த்தமில்லை; பாதி செத்த ஷாக் அப்சார்பரும் கை அழுத்தத்துக்கு நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். பின்பக்கம் வறட்சியாக, கசிவில்லாமல் இருந்தால் அந்த ஜோடி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டெபிலைசர் கம்பியைக் கோர்க்கும் லிங்க் ராட் சத்தம்தான் போடும், உயிரை எடுக்காது. சம்பளம் வந்ததும் மாற்றுங்கள்.

கம்பத்திலிருந்து எழுதிய வாசகருக்கு: "வண்டி முன்னே மாதிரி இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த வண்டி என்றாவது எழுதுங்கள். முடிந்தால் நாலு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பதையும்.